லட்சம் டாலர் கணக்கு: உள்ளே பணம் இருக்கிறதா?

ஒரு பிராப் டிரேடிங் நிறுவனம் வழக்கமாகத் தன் சொந்த முதலைச் சந்தையில் போடும். டிரேடர்களுக்குச் சம்பளமும் லாபத்தில் பங்கும் கொடுக்கும். கடந்த பத்தாண்டுகளில் இணையத்தில் பெருகிய பிராப் நிறுவனங்களின் கதை வேறு. இங்கே முதலில் பணம் கட்டுபவர் டிரேடர்தான்.

செக் குடியரசின் பிராக் நகரிலிருந்து இயங்கும் எஃப்டிஎம்ஓ இத்துறையின் பெரிய பெயர். ஒரு லட்சம் டாலர் கணக்குக்கான இரண்டு கட்டத் தேர்வுக்கு அது 540 யூரோ கட்டணம் வாங்கிவந்தது. முதல் கட்டத்தில் 10 சதவீதம், இரண்டாவதில் 5 சதவீதம் லாபம் காட்ட வேண்டும். ஒரே நாளில் 5 சதவீதமோ, மொத்தத்தில் 10 சதவீதமோ நஷ்டமானால் தேர்வு முடிந்தது. இன்னும் முடிக்காத வர்த்தகங்களின் நஷ்டமும் இந்தக் கணக்கில் சேரும். ஆக, பெயருக்குத்தான் ஒரு லட்சம். தாங்கக்கூடிய நஷ்டம் பத்தாயிரம் டாலர்தான்.

தேறியவருக்குக் கிடைப்பதும் டெமோ கணக்குதான். எஃப்டிஎம்ஓ இதை வெளிப்படையாகவே சொல்கிறது. கற்பனைப் பணத்தில் டிரேடர் ஈட்டும் லாபத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை நிஜப் பணமாகத் தருகிறது. முதல் பங்குடன் தேர்வுக் கட்டணமும் திரும்பிவிடும்.

சந்தையில் ஆர்டரே போகவில்லை என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விதான் 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் ஏறியது. கனடாவின் மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் என்ற பிராப் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் டெரிவேட்டிவ் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான சிஎஃப்டிசி வழக்குத் தொடர்ந்தது. 1,35,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடம் 31 கோடி டாலர் கட்டணம் வசூலித்ததாகவும், அவர்களுடைய வர்த்தகங்களுக்கு நிறுவனமே எதிர்த்தரப்பாக நின்றதாகவும் குற்றம் சாட்டியது. ஆனால் ஆணையமே நீதிமன்றத்தில் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்று தெரியவந்ததால், 2025 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது. இந்த வியாபார முறை சரியா தவறா என்ற கேள்விக்குத் தீர்ப்பு வரவேயில்லை.

டெமோ கணக்கு என்பதாலேயே எல்லாம் மோசடி ஆகிவிடாது. ஆனால் தோற்பவர்களின் கட்டணம் நிறுவனத்துக்கு வருமானம். ஜெயிப்பவரின் பங்கு அதற்குச் செலவு. எனவே சேருமுன் மூன்றைப் பாருங்கள்: கணக்கு டெமோவா, தினசரி நஷ்டம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, என்னென்ன காரணம் காட்டி லாபப் பங்கை மறுக்கலாம். கட்டும் பணத்தை முதலீடு என்று நினைக்காதீர்கள். அது தேர்வுக் கட்டணம் மட்டுமே.