கல்லுக்கு வயது இரண்டு

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் பதுளைப் புகையிரதத்தில் மலைநாடு சென்றோம். நானுஓயாவுக்கு அப்பால், பாதைக்காக வெட்டிய பாறைச் சுவரிலே வெண்மையும் கருமையுமான வரிகள் வளைந்து நெளிந்து கிடந்தன. “ஐயா, இந்தக் கல்லுக்கு வயது என்ன?” என்று ஒரு மாணவன் வினவினான். “இருநூறு கோடி ஆண்டுக்கு மேல்” என்று உடனே விடையிறுத்தோம். வீடு திரும்பி நூல்களைப் புரட்டியபோதுதான் நாம் கூறியது பாதி உண்மையே என்பது புலனாயிற்று.

கல்லின் வயது என்பது ஒன்றன்று. கல்லினுள் இருக்கும் மணல்மணி பிறந்த காலம் ஒன்று; அக்கல் இன்றைய உருவை அடைந்த காலம் மற்றொன்று. பண்டு படிந்த மணலும் களியும் சுண்ணமும் பூமியின் ஆழத்திற் புதையுண்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேறு பாறைகளாகின்றன. சுண்ணக்கல் சலவைக்கல்லாவது இவ்வாறே. இதனைப் புவிச்சரிதவியலார் உருமாற்றம் என்பர். அது நிகழ்ந்த காலத்தை அறிவது எங்ஙனம்?

அதற்கு இயற்கையே ஒரு கடிகாரம் வைத்திருக்கின்றது. மாத்தறை வைரம் என்று வணிகர் விற்கும் சேர்க்கோன் என்னும் கனியம் வளரும்போது யுரேனியத்தைத் தன்னுட் சேர்க்கும்; ஈயத்தை விலக்கும். உட்சென்ற யுரேனியமோ கதிர்த்தொழிற்பாட்டினால் மெல்ல மெல்ல ஈயமாகும். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு செல்லும். யுரேனியம் 235 பாதியாக 70 கோடி ஆண்டு போதும். ஆகவே ஒரே மணியில் இரு கடிகாரங்கள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே காலத்தைக் காட்டினால் நம்பலாம். மாறுபட்டாலோ, இடையில் ஈயம் கசிந்திருக்கலாம் என ஐயுற வேண்டும்.

கடிகாரத்தைப் பிழையாக வாசித்தோர் நாம் மட்டுமல்லர். 1904ஆம் ஆண்டில் ஆனந்த குமாரசுவாமி அவர்கள் இலங்கையிலே தோரியனைற்று என்னும் கனியத்தைக் கண்டுபிடித்தார். 1907இல் அமெரிக்க அறிஞர் போல்ற்வூட் அதன் வயதை 220 கோடி ஆண்டு வரை எனக் கணித்தார். அதிலுள்ள ஈயம் முழுவதும் யுரேனியத்திலிருந்தே வந்தது என்று அவர் கொண்டார். தோரியமும் ஈயமாகும் என்பது அன்று தெளிவாகவில்லை. உண்மை வயது அவர் கூறியதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவே.

பின்வந்தோர் கருவியைக் கூர்மையாக்கினர். தலைமயிரினும் மெல்லிய அயன் கற்றையை ஒரு சேர்க்கோன் மணியின் நடுவிலும் விளிம்பிலும் தனித்தனியே செலுத்தி அளக்க இன்று இயலும். 1987இல் குரோனர் முதலியோர் எம் மலைநாட்டின் உருமாறிய பாறைகளை இவ்வாறு ஆராய்ந்தபோது, சில மணிகளின் நடுப்பகுதி 200 கோடி முதல் 300 கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகள் வரை காட்டிற்று. வேறொரு பழைய நிலத்தில் பிறந்து, மணலாய் அடித்து வரப்பட்ட மணிகள் அவை. உருமாற்றத்தின்போது புதிதாய் வளர்ந்த பகுதிகளோ, பின்னர் நடந்த ஆய்வுகளின்படி, ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளையே காட்டுகின்றன.

அக்காலத்திலேதான் இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா முதலிய நிலங்கள் மோதி இணைந்து கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவாயிற்று. மோதலில் எழுந்த மலைத்தொடரின் அடியில், 25 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், 800 பாகை செல்சியசையும் கடந்த வெப்பத்தில் எம் பாறைகள் வெந்தன. மேலிருந்த மலையை மழையும் காற்றும் எப்போதோ கரைத்துவிட்டன. இன்று நாம் ஏறி நிற்பது அம்மலையின் சிகரத்தில் அன்று, அதன் வேரில்.

மறுவாரம் வகுப்பில் எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். “அப்படியானால் நாம் கண்ட வரிகள் எந்த வயதுக்கு உரியவை, ஐயா?” என்றான் அதே மாணவன். வினாவைச் சரியாகக் கேட்கக் கற்றுக்கொண்டான் என மகிழ்ந்தோம். “இரண்டாவது வயதுக்கு” என்றோம், இம்முறை சற்று யோசித்தே.