வேலியில் நாறும் மருந்துக்கொடி

கொல்கத்தாவின் புறநகர்களில் வேலி, குட்டிச்சுவர் என்று பாராமல் ஒரு கொடி படர்ந்து கிடக்கிறது. இலையைக் கசக்கினால் குடலைப் புரட்டும் நாற்றம். நம்மவர்கள் பலர் களையென்று பிடுங்கி எறிகிறார்கள். வங்காளிகளோ 'கந்தபாதாலி' என்று பெயர் சொல்லி, வயிறு கெட்டவர்களுக்கு அந்த இலையைப் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கிறார்கள்.

காபிச் செடியும் இட்லிப்பூவும் இதே குடும்பம்தான் என்றால் நம்பச் சிரமம். தாவரவியலார் லின்னேயஸ் 1767-ல் இதற்கு வைத்த பெயரில் உள்ள 'ஃபீட்டிடா' என்ற சொல்லுக்கே 'நாறுவது' என்றுதான் பொருள். இலையிலுள்ள கந்தகச் சத்தே நாற்றத்துக்குக் காரணம். வெந்தால் வாடை அடங்கிவிடும்.

பறிக்கும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். அதே வேலியில் பால் வடியும் நச்சுக்கொடிகளும் ஏறியிருக்கலாம். கந்தபாதாலியை ஒடித்தால் பால் வராது. இலைகள் எதிரெதிராக, ஓரத்தில் பல் இல்லாமல் இருக்கும். எதிரெதிர்க் காம்புகளுக்கு நடுவே தண்டில் சிறு முக்கோணச் செதில் ஒட்டியிருக்கும். இட்லிப்பூச் செடியிலும் இதைக் காணலாம். பூ சிறு குழல், வெளியே வெளுப்பு, உள்ளே கருஞ்சிவப்பு.

நாற்றத்தை மட்டும் நம்புவது சரியல்ல. கை ஒருமுறை நாறிவிட்டால் அடுத்துத் தொடும் எந்த இலையும் நாறத்தான் செய்யும்! பூவில்லாத நாளில் கணுவைத்தான் பார்க்கவேண்டும்.