குயிர்க்ஸ் முறை

குயிர்க்ஸ் முறை என்பது, சீர்தரங்கள் நிலைபெறுமுன் எழுதப்பட்ட வலைப்பக்கங்களைக் குலையாமல் காட்ட உலாவிகள் கையாளும் வழியாகும்.

சிஎஸ்எஸ் சீர்தரத்தில் (1996) பெட்டியின் அகலம் உள்ளடக்கத்தை மட்டுமே குறித்தது. விண்டோசுக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உள் இடைவெளியையும் எல்லைக்கோட்டையும் அதற்குள் அடக்கியது. அகலம் 200 பிக்சல், இருபுறமும் இடைவெளி 10, கோடு 5 எனில், சீர்தரப்படி பெட்டி 230 பிக்சல், அவ்வுலாவியில் 200.

உலாவியைத் திருத்தினால் பழைய பக்கங்கள் குலையும். திருத்தாவிட்டால் புதியவை குலையும். 2000-இல் வந்த மேக் கணினிக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 இதற்கு வழி கண்டது: பக்கத்தின் தொடக்கத்தில் உரிய டாக்டைப் அறிவிப்பு இருந்தால் சீர்தர முறை, இல்லையேல் பழைய முறை. பிற உலாவிகளும் இவ்வழியைப் பின்பற்றின. இன்றும் அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், பக்கம் குயிர்க்ஸ் முறையிலேயே திறக்கும்.