மில்லர் மெஷினை வண்டியில் மாட்டும் முன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் தளம் போடுகிறார்கள் என்றால் விடிகாலையிலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும். முன்னால் ஒரு குட்டியானையோ (சின்னச் சரக்கு வண்டி) பிக்கப்போ வரும். பின்னால், ஒரு கம்பியில் மாட்டிய மில்லர் மெஷின் (ஜல்லி, மணல், சிமெண்டைக் கலக்கும் உருளை இயந்திரம்) தடதடவென்று ஆடிக்கொண்டே வரும். பல சமயம் அந்தக் கம்பியின் மேல் ஓர் ஆளும் உட்கார்ந்திருப்பார். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைத் தீர்த்தவாரிக்குச் சாமிகள் வரும்போது விளக்கு ஜெனரேட்டர்கள் வருவதும் இப்படித்தான்.

இப்படி இழுத்துப் போவது பாதுகாப்பானதா? சில விஷயங்களைச் சரியாகச் செய்தால் பாதுகாப்பானது. அவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். நீங்கள் வண்டி ஓட்டுபவராக இல்லாமல் வீடு கட்டுபவராக இருந்தாலும் படியுங்கள். உங்கள் வாசலுக்குத்தானே அந்த மெஷின் வருகிறது.

என் வண்டி அதை இழுக்குமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இழுக்கும். சமதரையில் முதல் கியரில் மெதுவாகக் கிளம்பினால் ஏறக்குறைய எந்த வண்டியும் எதையும் இழுத்துவிடும். அதனால்தான் அந்தக் கேள்வியை நம்பி ஏமாறுகிறோம். கேட்க வேண்டியது வேறு: என் வண்டி இரண்டையும் சேர்த்து நிறுத்துமா?

மில்லர் மெஷினுக்கும் சின்ன ஜெனரேட்டர் வண்டிகளுக்கும் பெரும்பாலும் பிரேக் கிடையாது. நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது முன் வண்டி நிற்கப் பார்க்கும், பின்னால் இருப்பது அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கான வேலை நான்கு மடங்காகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாக நின்ற அதே ஜோடி, 40-இல் ஒரு சந்திப்பையே தாண்டிப் போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

எவ்வளவு எடை வரை பரவாயில்லை?

இதற்கு ஐரோப்பாவில் ஓர் எளிய வரம்பு வைத்திருக்கிறார்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் (இழுத்துச் செல்லும் வண்டி) 750 கிலோவைத் தாண்டக் கூடாது. இழுக்கும் வண்டியின் வெறும் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. நம் ஊருக்கு அது சட்டம் அல்ல, ஆனாலும் அளந்து பார்க்க நல்ல கோல்.

போட்டுப் பாருங்கள். பழைய குட்டியானையின் வெறும் எடை சுமார் 800 கிலோ. பாதி 400. ஒன்றரை டன்னைத் தாண்டிய பெரிய பிக்கப் என்றால் பாதி 750-ஐத் தாண்டும், ஆனால் வரம்பு அங்கேயே நின்றுவிடும். இனி மெஷினுக்கு வாருங்கள். வீட்டு வேலைக்கு வாடகைக்கு வருவது பெரும்பாலும் ஒரு மூட்டை மில்லர். அதை ‘பத்துக்கு ஏழு’ என்பார்கள்: கலக்காத பொருள் பத்து கன அடி, கலந்த பிறகு ஏழு கன அடி. ஜல்லியை ஏந்தி உருளைக்குள் கொட்டும் தொட்டியோடு வரும் பெரிய மெஷின் ஒரு டன்னைத் தாண்டக்கூடியது. அதாவது இழுக்கும் குட்டியானையை விட இழுபடும் மெஷின் கனமாக இருக்கலாம்! இந்த ஜோடியைத்தான் நாம் தினமும் ரோட்டில் பார்க்கிறோம்.

எடையை எப்படித் தெரிந்துகொள்வது? மெஷினில் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். தகடு தேய்ந்திருந்தால் எடை மேடைக்கு (லாரிகளை நிறுத்தி எடை போடும் இடம்) ஒரு தடவை ஓட்டிப் போய் வாருங்கள். உங்கள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். அது வண்டியும் அதன் மேல் ஏற்றிய சுமையும் சேர்ந்த உச்ச வரம்பு. அதை இழுக்கும் திறன் என்று எண்ணிவிடாதீர்கள். இழுக்கும் அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருந்தால் இருக்கும். இல்லையென்றால் கம்பெனி அந்த வண்டியை இழுக்கச் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

சரி, வரம்பைத் தாண்டுகிறது, என்ன செய்வது? டிராக்டரில் இழுக்கச் சொல்லுங்கள், அல்லது மெஷினை லாரியில் ஏற்றி வரச் சொல்லுங்கள். வாடகை சற்றுக் கூடும். தளம் போடும் செலவில் அது ஒரு பொருட்டே அல்ல.

எதில் மாட்டுவது?

கயிற்றில் வேண்டவே வேண்டாம். கயிறு இழுக்க மட்டும்தான் உதவும், தடுக்க உதவாது. நீங்கள் நின்றவுடன் மெஷின் வந்து உங்கள் பின்பக்கத்தில் மோதும்.

இரும்புக் கம்பியும் பின்னும்தான் (துளைக்குள் இறங்கும் ஆணி) முறை. அந்தக் கொக்கி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பம்பரில் வெல்டு வைத்திருந்தால் நம்பாதீர்கள். பம்பர் மோதலைத் தாங்க இருப்பது. சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் போட்டு முடுக்கியிருக்க வேண்டும்.

அடுத்து அந்தப் பின்னைக் கையில் எடுங்கள். பல மெஷின்களில் பின் என்ற பெயரில் இருப்பது தளத்துக்குக் கட்டிய முறுக்குக் கம்பியின் ஒரு துண்டு, மேல் முனை வளைத்து விடப்பட்டிருக்கும். துளையை விட மெல்லியது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் குதித்துக் குதித்துத் துளையையும் முட்டை வடிவமாகத் தேய்த்துவிடும். கீழ் முனையில் அது நழுவி மேலே வராமல் தடுக்கும் ஊக்கும் இருக்காது. ஒரு வேகத்தடையில் துள்ளி வெளியே வந்துவிட்டால் மெஷின் தன் வழியில் போகும். துளைக்குச் சரியான பருமனில் ஒரு பின், அடியில் ஓர் ஊக்கு. பட்டறையில் கேட்டால் சொற்பக் காசுக்குச் செய்து தருவார்கள்.

பின் போனாலும் மெஷின் போகாமலிருக்கச் சங்கிலி வேண்டும். இரண்டு சங்கிலி, இழுவைக் கம்பிக்குக் கீழே குறுக்காக, வலது பக்கத்தது இடதுக்கும் இடது பக்கத்தது வலதுக்குமாக மாட்டுங்கள். ஏன் குறுக்காக? பின் கழன்றால் கம்பியின் மூக்கு அந்தப் பின்னலில் விழுந்து தங்கும், தரையில் குத்தாது. திருப்பத்தில் இறுகாத அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். ரோட்டில் உரசும் அளவுக்கு வேண்டாம்.

ஏன் பின்னால் பாம்பு மாதிரி ஆடுகிறது?

எடை அச்சுக்குப் பின்னால் (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் தண்டுக்குப் பின்பக்கம்) அதிகமாக இருப்பதால். மெஷினைத் தராசு என்று நினைத்துக்கொள்ளுங்கள், அச்சுதான் நடு முள். பின் தட்டு கனத்தால் முன் கம்பி மேலே எழும்பப் பார்க்கும். முன் வண்டியின் பின் சக்கரங்கள் தரைப்பிடி இழக்கும், ஆட்டம் தொடங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு முன் கம்பியில் அழுத்தினால் போதும். மில்லரில் எடையை இடம் மாற்ற முடியாது, ஆனால் அதன் மேல் போடும் சாமான்களை மாற்றலாம். மண்வெட்டி, சட்டி, டீசல் கேன், வைப்ரேட்டர் எல்லாவற்றையும் உருளைக்குள் போட்டுவருகிறார்கள். எடுத்துப் பிக்கப்பில் வையுங்கள்.

ஓடும்போது ஆட ஆரம்பித்தால்? கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், கை ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பும். இரண்டும் ஆட்டத்தைக் கூட்டும். ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறைந்ததும் அதுவாக அடங்கும். பிறகு ஓரங்கட்டி, ஏன் ஆடியது என்று பாருங்கள். எடை மட்டுமல்ல, டயரும் காரணமாக இருக்கலாம். மெஷினுக்கென்று யாரும் புது டயர் வாங்குவதில்லை, காரில் கழித்ததுதான் அங்கே போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3212 என்றால் 2012-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. அந்த டயரை எம்.ஜி. ரோட்டு வெயிலில் இழுத்துப் போகாதீர்கள்.

சின்னத் தெருவில் எப்படித் திருப்புவது?

பின்னால் வருவது உங்கள் சக்கரத் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். நீங்கள் தப்பிவிட்ட திண்ணை மூலையில் அது இடிக்கும். அல்லது அங்கே நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டியைத் தள்ளும். எனவே கொஞ்சம் அதிகமாக முன்னே போய்ப் பிறகு திருப்புங்கள். காலை நேரத்தில் மணிக்கூண்டுப் பக்கம் மார்க்கெட் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளாமல், கூட்டம் வருவதற்கு முன்பே வந்துவிடுவதுதான் நிஜமான சாமர்த்தியம்.

பின்னால் எடுப்பது பலருக்கும் பயம். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். மெஷின் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். குட்டையான இழுவைக் கம்பி என்றால் சட்டென்று மடங்கிவிடும். அப்போது பிடிவாதம் வேண்டாம், முன்னே எடுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி முயலுங்கள். இன்னும் எளிய வழி, பின்னைக் கழற்றி நான்கு பேர் சேர்ந்து தள்ளுவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இருட்டில் வரலாமா?

உங்கள் பிரேக் விளக்கை மெஷின் மறைத்துவிடுகிறது. பின்னால் பைக்கில் வருபவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. சிவப்பு விளக்கும் இண்டிகேட்டரும் உள்ள பலகை ஒன்றை மெஷினின் பின்னால் மாட்டி, ஒயரைப் பிக்கப்போடு இணையுங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுவது எப்போதும் வேண்டும். விளக்கில்லாமல் விடியும் முன் கிளம்புவது மட்டும் வேண்டாம்.

கம்பியில் ஆள் உட்கார்ந்து வரலாமா?

கூடாது. வண்டியின் உடலுக்கு வெளியே ஆளை ஏற்றிப் போவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு தடைசெய்கிறது. சட்டத்தை விடுங்கள்: அவர் நழுவினால் விழுவது நேராக மெஷின் சக்கரத்துக்கு முன்னால். உங்கள் வீட்டு வேலைக்கு வருபவர் அவர். முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

காகிதம் என்னென்ன வேண்டும்?

சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம். அதற்கும் பதிவு எண் வேண்டும். சாலை விதிப்படி மோட்டார் வண்டியால் இழுக்கக்கூடியவை மிகச் சில: பழுதான வண்டி, முழுதாகப் பொருத்தி முடிக்காத வண்டி, பதிவு செய்த டிரெய்லர், சைடுகார். நம்பர் இல்லாத மில்லர் இந்தப் பட்டியலில் இல்லை. தெருவில் யாரும் தடுப்பதில்லை என்பதால் சரி என்றாகிவிடாது. விபத்து நடந்த பிறகுதான் அது கேள்வியாக எழும்.

அந்தக் கேள்வியை எழுப்புவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி. டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்து டிரெய்லருக்கு இல்லாத வழக்குகள் நம் நீதிமன்றங்களில் ஏராளமாக நடந்திருக்கின்றன. உங்கள் பாலிசியில் டிரெய்லர் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜெண்டிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் நிம்மதி உண்டு. மொத்த எடை 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு இன்னொன்று. வடக்கே கொஞ்ச தூரம் போனால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. தாண்டினால், புதுச்சேரிப் பர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இழுத்துப் போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சுமை வரம்பை மீறினால் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

வந்து சேர்ந்த பிறகு?

பின்னைக் கழற்றும்போதும் காயம் ஏற்படலாம். முதலில் மெஷினின் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். பின் பக்கம் கனமாக இருந்தால் பின்னை உருவியதும் கம்பி விசையோடு மேலே எழும்பும், தாடை உயரத்துக்குக் கூட. முன்பக்கம் கனமாக இருந்தால் பாதத்தின் மேல் விழும். அதனால் கம்பிக்கு நேராக நிற்காமல் பக்கத்தில் நின்று, ஒருவர் கம்பியை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் பின்னை எடுக்கட்டும். கழற்றியதும் சக்கரத்தின் நடுக் குடத்தை (பேரிங் இருக்கும் பகுதி) புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாமல் சுட்டால் கிரீஸ் தீர்ந்திருக்கலாம், வந்த மெஷினைத் திரும்பக் கொண்டுபோகும் முன் வாடகைக்கு விட்டவரிடம் சொல்லிக் கிரீஸ் வைக்கச் செய்யுங்கள்.