நிலைவாசலில் நின்றுவிடும் கால்

ஐயாவுக்குக் கை நடுக்கம் மாத்திரையில் அடங்கிவிட்டது. காபி டம்ளரைச் சிந்தாமல் பிடிப்பார். ஆனால் எங்கள் கோவிலூர் வீட்டில் முகப்பைக் கடந்து வளவுக்குள் நுழையும் நிலைவாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே சாயும், கால் வராது. இரண்டு முறை விழுந்தார். "பாத்து நடங்கய்யா" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அவர் பார்த்துத்தான் நடந்தார் என்பது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

நடை என்பது நாம் நினைக்காமலே நடக்கிற காரியம். எங்கள் ஊர்க் கொற்றவாளீஸ்வரர் கோயிலை ஊர்க்கதை பேசியபடியே மூன்று சுற்று வந்துவிடுகிறோம். எந்தக் காலை எப்போது எடுத்தோம் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பழக்கத்தைக் காத்து நடத்துவது மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பு முடிச்சுகள். அவற்றுக்கு டோபமைன் அனுப்பும் செல்கள் நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் இருக்கின்றன. ஐயாவுக்கு வந்த பார்க்கின்சன் நோயில் இவை அழிகின்றன. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோதே, நடுக்கத்தோடு உடம்பு முன்னே வளைவதையும், நடக்கத் தொடங்கியவர் தன்னை மீறி ஓட்டமாகப் போவதையும் எழுதிவைத்தார்.

டோபமைன் குறைவை ஈடுகட்டத்தான் லெவோடோபா மாத்திரை. இதில் நம் ஊர்ப்பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று அன்று யாரும் அறியவில்லை. நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை வியன்னாவில் ஆய்வாளர் ஹோர்னிகீவிச் காட்டியது 1960இல்தான்.

கை நடுக்கத்தையும் விறைப்பையும் இவ்வளவு நன்றாக அடக்கும் மாத்திரை, விழுவதை ஏன் நிறுத்தவில்லை? குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாத்திரை பலிக்கவில்லை என்கிறார்கள். இல்லையென்றால் பெரியவருக்குக் கவனம் போதவில்லை என்கிறார்கள். சேதம் டோபமைன் செல்களோடு நிற்பதில்லை என்பதே காரணம். மூளைத்தண்டில், நிற்பதற்கும் நடப்பதற்கும் உதவுகிற இன்னொரு செல்கூட்டம் இருக்கிறது. அதில் பல செல்கள் பேசும் மொழி அசிட்டைல்கோலின். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் விழுகிற நோயாளிகளையும் விழாதவர்களையும் மூளைப்படம் எடுத்து ஒப்பிட்டார்கள். டோபமைன் இழப்பில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விழுகிறவர்களிடம் குறைந்திருந்தது அசிட்டைல்கோலின் செயல்பாடு.

இந்த வேதிப்பொருளுக்குக் கவனத்திலும் பங்கு உண்டு. பழக்கத்தில் நடந்த கால் இப்போது ஒவ்வோர் அடியையும் யோசித்து எடுத்துவைக்க வேண்டும். யோசிக்கும் சக்தியும் குறைந்திருக்கிறது. அந்த நேரம் பின்னாலிருந்து "ஐயா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால், பதில் சொல்லப் போகும் மனம் காலை விட்டுவிடும். அன்போடுதான் கேட்டோம். ஆனாலும் அவர் விழுந்ததில் எங்கள் கேள்விகளுக்கும் பங்கு இருந்தது. நடக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் இருப்பதே பெரிய உபகாரம். கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அகலமாக வளைந்து வரச் சொல்லலாம்.

2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளையில் அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்காக ஞாபக மறதிக்குத் தரும் ரிவாஸ்டிக்மின் மருந்தைப் பிரிட்டனில் 130 நோயாளிகளிடம் சோதித்தார்கள். அதை எடுத்தவர்களின் நடை சீராகி, விழுவதும் குறைந்தது. ஆனால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடுகிற மருந்தல்ல அது.

செட்டிநாட்டு வீடு இந்த நோய்க்குக் கடினமான வீடு. வாசலுக்கு அடுத்து வாசல், உயர்ந்த படி, வழவழப்பான ஆத்தங்குடிக் கல். குறுகிய வாசலைக் கண்டதுமே கால் உறைவது இந்நோயின் அறியப்பட்ட குணம். ஆனால் தரையில் குறுக்கே கோடுகள் இருந்தால், அதே கால் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்விடுவதையும் மருத்துவர்கள் வெகுகாலமாகப் பார்த்திருக்கிறார்கள். கண் காட்டும் வழியில் நடக்கும்போது மூளை, பழுதான பாதையை விட்டு வேறு பாதையைப் பிடிக்கிறது.

உடற்பயிற்சி சொல்லித்தந்த பெண் இதைச் சொன்ன அன்று சாயங்காலமே அப்பத்தா அரிசிமாவைக் கரைத்து, நிலைவாசலுக்கு முன்னால் ஓர் அடிக்கு ஒன்றாக ஐந்து கோடு இழுத்தார். காய்ந்ததும் ஐயாவைக் கூப்பிட்டார். அவர் முதல் கோட்டில் நின்றார், பார்த்தார், தாண்டினார். அதன்பிறகு வெள்ளிக்கிழமை தோறும் நடுவீட்டுக் கோலத்தோடு அந்த ஐந்தையும் புதிதாக இழுப்பது அப்பத்தாவின் வேலையானது.