வீட்டில் விழுந்ததாகச் சொல்லாதீர்கள்

ஜொகூரின் குளுவாங் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும்போது முள் கண்ணில் குத்துவதும், கத்தி காலைக் கிழிப்பதும் புதிதல்ல. அடிபட்டவரைக் கிளினிக்கிற்கு ஏற்றிப் போகும் வழியிலேயே சில காண்ட்ராக்டர்கள், "வீட்டுல விழுந்துட்டேன்னு சொல்லிடுய்யா, செலவ நான் பாத்துக்கிறேன்" என்பார்கள். அங்கேதான் இழப்பீட்டுப் பணம் கைநழுவுகிறது. டாக்டர் முதல் நாள் எழுதும் குறிப்பைத்தான் பின்னால் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) புரட்டிப் பார்க்கும். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது அடிபட்டது என்பதை டாக்டரிடமே சொல்லிவிடுங்கள்.

1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி சொக்சோ 1971 முதல் நடக்கிறது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் அதை அறிவிப்பது முதலாளியின் கடமை. வேலை விபத்துக்கு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. முதலாளி பதிவே செய்யவில்லையா? அது அவர் குற்றம். நீங்கள் மனுப் போடத் தயங்க வேண்டாம்.

அரசு மருத்துவமனையிலும் சொக்சோ பேனல் கிளினிக்கிலும் சிகிச்சை இலவசம். அடுத்தது எம்.சி. (மருத்துவ விடுப்பு) பணம். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் எம்.சி. இருந்தால், சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். மாதம் 1,800 வெள்ளி வாங்குபவருக்கு நாளுக்குச் சுமார் 47 வெள்ளி வரும். ஆனால் எம்.சி. நாளில் வேலைக்குப் போய்க் கூலி வாங்கினால் அந்த நாளுக்கு இது கிடையாது. "சும்மா வந்து உக்காரு" என்று கூப்பிடும் மேலாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும்!

காயம் ஆறிய பிறகும் விரல் மடங்கவில்லை, பார்வை மங்கியே இருக்கிறது என்றால் விஷயம் முடியவில்லை. மருத்துவக் குழு ஊனத்தை விழுக்காட்டில் மதிப்பிடும். 20 விழுக்காடு வரை மொத்தத் தொகை. அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மீதியை ஆயுள் முழுக்க மாதாமாதம் பெறலாம். எம்.சி. பணத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து இந்த மதிப்பீட்டுக்கு மனுப் போடாமலே விட்டவர்கள்தாம் அதிகம் ஏமாந்தவர்கள் என்பேன். மதிப்பீடு குறைவாகத் தோன்றினால் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

உயிர் போய்விட்டால் ஈமச்செலவுத் தொகையோடு, குடும்பத்துக்கு மாதாந்தரத் தொகையும் உண்டு: ஐந்தில் மூன்று பங்கு கணவன் அல்லது மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் அது வேலை விபத்துதான். போலீஸ் ரிப்போர்ட்டை உடனே போடுங்கள். வேலை முடிந்து வரும் வழியில் சந்தைக்கோ நண்பர் வீட்டுக்கோ வண்டியைத் திருப்பியிருந்தால் சிக்கல்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் குளுவாங்காரர்களுக்கு அங்கே நடக்கும் விபத்துக்குச் சொக்சோ பொருந்தாது. சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி அங்கேதான் கேட்க வேண்டும்.