டெஸ்ட் என்றால் என்ன?

"டெஸ்டுக்குச் சரக்கு எடுக்கிறார்கள்" என்றாலே நம் கடைக்காரர்களுக்கு வயிறு கலங்குகிறது. இச்சொல் லத்தீனில் 'டெஸ்டும்' என்னும் மண்சட்டியில் பிறந்தது. 1954 வரை நம் காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் பழைய மொழி வழியே ஆங்கிலத்துக்குப் போயிற்று. அச்சட்டியில் பொன், வெள்ளியை உருக்கி மாசு பிரித்தார்கள். அதனால் சோதனை என்ற பொருள் வந்தது. நம் உரைகல் போலத்தான்.

நாமும் மூட்டையில் குத்தூசி போட்டு அரிசி பார்த்தே வாங்குகிறோம், அதுவும் டெஸ்டே. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரி எடுக்கும் மாதிரியை நான்கு பாகமாக்குவார். நாம் கேட்டால் ஒரு பாகம், நம் செலவில், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகும். வணிகர்களே, கேட்கத் தயங்காதீர்கள். நல்ல பொன்னுக்குச் சட்டியைக் கண்டு பயமில்லை. நல்ல சரக்குக்கும் அப்படியே.